நாலு நூல், ஏழு குச்சி, ஒரு ஸ்பூன் வெள்ளைப் பொடி

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை, மூன்று வாத்தியங்களை என் வீட்டிலிருந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் வைப்பது.

தூரம் நானூற்றுப் பன்னிரண்டு காலடி. பல முறை நடந்து எண்ணியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. டில்லி ஆர்.கே.புரத்தில் எங்களுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ். நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தஃப்தரி. ஃபைலுக்குத் துளை போட்டு, நூல் கோத்து, தூசி தட்டி, நம்பர் எழுதி, அலமாரியில் அடுக்கி வைப்பவனுக்குத்தான் தஃப்தரி என்று பெயர். படிப்பு எட்டாம் வகுப்பு. சர்வீஸ் முப்பத்தொரு வருஷம். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷமும் நாலு மாதமும் பாக்கி.

எங்கள் பகுதித் தமிழர் சங்கத்தில் ஒன்பது வருஷமாக கமிட்டி மெம்பராகவும் இருந்தேன். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டேன். கூச்ச சுபாவம். நாற்காலி எண்ணுவேன், கடிதங்களுக்கு வரிசை எண் போட்டு ஃபைல் பண்ணுவேன். அவ்வளவுதான்.

சங்கத்தின் சார்பில் ஞாயிறு தோறும் ஒரு பாட்டு வகுப்பு நடந்தது. நடத்தியவர் சரசா டீச்சர். கும்பகோணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். தம்பி வீட்டில் ஒண்டியிருந்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு அறை. குரலை உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுத்த அந்த அறைதான் டீச்சர் வாய்விட்டுப் பாடுகிற ஒரே இடம்.

அந்த அறைக்கு ஆபத்து வந்தது. வகுப்பில் பிள்ளைகள் ஆறாகக் குறைந்து விட்டார்கள். பள்ளிக்கூடத்து பிரின்சிபால் கபூர் மேடம் கடிதம் எழுதினார். இந்த மாதக் கடைசி ஞாயிறுக்குள் பதினைந்து மாணவர்கள் பெயர் கொடுக்காவிட்டால், அறை ஸ்வெட்டர் பின்னும் வகுப்புக்குப் போய்விடும்.

கடிதம் வந்ததும் வரிசை எண் போட்டு ஃபைலில் வைத்தேன். நூற்றுப் பதினேழு.

சங்கச் செயலாளர் சுந்தரம் மதுரைக்காரர், யோசனைக்குப் பஞ்சமில்லாதவர். "பிள்ளைகளுக்கு என்ன வாத்தியம்னே தெரியலண்ணே. மிருதங்கத்தைப் பாத்து டோலக்ங்குது. தம்புராவைப் பாத்து சிதார்ங்குது. ஒரு நாள் எல்லாத்தையும் கொண்டாந்து காட்டுவோம். வாசிச்சுக் காட்டுவோம். கேட்டா தானா வரும்" என்றார்.

கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு 'வாத்திய அறிமுகம்' என்று முடிவாயிற்று. டீச்சர் தம்புராவோடு பாடுவார். வயலினுக்குக் கரோல்பாக்கிலிருந்து ராஜகோபால். மிருதங்கத்துக்கு முனிர்காவிலிருந்து சேது. சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் என் வீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மிக அருகில் இருந்தது என் வீடுதான். பஸ்ஸில் வாத்தியத்தைத் தூக்கிக் கொண்டு போய், மறுநாள் திரும்பத் தூக்கிக் கொண்டு வருவானேன் என்று மூன்றையும் என் வீட்டிலேயே வைத்து விட்டுப் போனார்கள்.

போகும்போது சுந்தரம் சொன்னார். "அண்ணே, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ஒன்பதரைக்குப் பத்திரமாக் கொண்டாந்து வச்சுட்டாப் போதும்."

ஒண்ணும் பண்ண வேணாம் என்பதை அவர் மூன்று தடவை சொன்னார். எண்ணினேன். ஆனால் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சரி, ஒரு தடவை பார்த்து வைக்கலாம் என்று தம்புராவின் உறையைக் கழற்றினேன்.

பார்த்ததும் மனசு கஷ்டமாகி விட்டது.

நல்ல தம்புரா. நாலு தந்தி. குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் சின்னப் பாலம் ஒன்று இருந்தது. அந்தப் பாலத்துக்கும் ஒவ்வொரு தந்திக்கும் நடுவில் ஒரு நூல் துண்டு மாட்டிக் கொண்டிருந்தது. எங்கேயோ துணியில் உரசிச் சிக்கிக் கொண்ட மாதிரி. நாலு தந்திக்கும் நாலு நூல்.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம் எங்கள் செக்‌ஷன் ஆபீசர் ஒரு ஃபைலை என் மேஜை மேல் போட்டு, "நூல் தொங்குது பார். அசிங்கம்" என்றார். அன்றைக்குக் கத்தரிக்கோல் எடுத்தவன்தான். முப்பத்தொரு வருஷத்தில் என் கையைத் தாண்டி ஒரு ஃபைல் நூல் தொங்கிக் கொண்டு போனதில்லை.

நாலு நூலையும் இழுத்து எடுத்தேன். பாலத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தேன். பளபளவென்று ஆயிற்று.

என் மனைவி மரகதம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அடுத்தவங்க சாமான். கைய வைக்காதீங்க."

"கைய வைக்கல. துடைக்கிறேன்."

அடுத்தது வயலின். அதன் வில்லில் கட்டியிருந்த குதிரை முடி முழுவதும் வெள்ளைப் பொடி. வயலின் மரத்தின் மேலும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை. கரோல்பாக் தூசி அப்படி. ஊதினேன், போகவில்லை. துணி சோப்பை ஈரத் துணியில் தேய்த்து, முடியை மேலிருந்து கீழாக ஆறு தடவை உருவினேன். நுரை வந்தது. நல்ல தண்ணீரில் துடைத்து, ஜன்னல் வெயிலில் காய வைத்தேன். காய்கிற நேரத்தில் முடி எத்தனை என்று எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்றில் மரகதம் காபி கொண்டு வந்து வைத்தாள். கணக்குப் போய்விட்டது.

வயலின் பெட்டிக்குள் ஒரு துணி இருந்தது. அதற்குள் மஞ்சளாக, உடைந்து போன ஒரு பிசின் கட்டி. யாரோ எதையோ ஒட்டி விட்டு மறந்து வைத்தது போலும். அதையும் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

கடைசியாக மிருதங்கம். வலது பக்கத் தோலில், நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தைச் சுற்றி, இரண்டு தோலுக்கும் இடையில் துடைப்பக் குச்சித் துணுக்குகள் நுனி நீட்டிக் கொண்டிருந்தன. சேது பேச்சிலர். முனிர்காவில் வாடகை அறை. பெருக்கும்போது உள்ளே போயிருக்கும், பாவம். ஃபைல் தைக்கிற ஊசியால் நெம்பி நெம்பி எடுத்தேன். ஏழு. இடது பக்கத் தோலில் ரவை காய்ந்து ஒட்டியிருந்தது.

"உப்புமா சாப்பிட்டுட்டு மேலயே கை தொடச்சிருக்கான் பாரு" என்றேன்.

"தொடாதீங்கன்னு சொன்னேன்" என்றாள் மரகதம்.

சுரண்டி எடுத்தேன். எடுத்ததை எல்லாம் சட்டைப்பை நோட்டில் எழுதினேன். எதையும் எழுதாமல் அப்புறப்படுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

தம்புரா: நூல் 4. வயலின்: வெள்ளைப் பொடி, சுமார் 1 டீஸ்பூன். பெட்டியில் காய்ந்த பிசின் 1. மிருதங்கம்: குச்சி 7, காய்ந்த ரவை.

ஏழு மணிக்குக் குப்பைக்காரர் வந்து எல்லாவற்றையும் கொண்டு போனார்.

ஒவ்வொரு வாத்தியமாகப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனேன். மூன்று நடை. திரும்பி வந்ததையும் சேர்த்தால் இரண்டாயிரத்து அறுபது காலடி. ஒரு கீறல் இல்லை. மேடையில் வரிசையாக வைத்து விட்டு, தள்ளி நின்று பார்த்தேன். மூன்றும் கடையிலிருந்து அப்போதுதான் வந்தவை போல் இருந்தன.

டீச்சருக்காகவும் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். முந்தின நாள் ஒத்திகையில் அவர் குரல் கரகரவென்று இருந்ததைக் கவனித்தேன். அதனால் மரகதத்திடம் சொல்லி, சுக்கு, மிளகு, பனங்கல்கண்டு போட்டு ஒரு ஃப்ளாஸ்க் கஷாயம்.

பத்து மணிக்குப் பழைய ஆறு பேரையும் சேர்த்து இருபத்தேழு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விட்டார்கள். பின்னால் அப்பா அம்மாக்கள். முன் வரிசை நாற்காலியில் கபூர் மேடம், மடியில் கைக்கடிகாரம் கட்டிய கை. கரோல்பாக் பஸ்ஸும் முனிர்கா பஸ்ஸும் பேசி வைத்துக் கொண்ட மாதிரி தாமதம். ராஜகோபாலும் சேதுவும் பத்து ஐந்துக்கு ஓடி வந்து நேரே மேடையில் ஏறி உட்கார்ந்தார்கள். தொட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

நான் கதவோரம், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். யாராவது பளபளப்பைக் கவனித்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

டீச்சர் தம்புராவை நிமிர்த்திப் பிடித்தார்.

"குழந்தைகளா, இதுக்குத் தம்புரான்னு பேர். இது பாட்டு வாசிக்காது. பாடறவாளுக்குப் பின்னாடி ஆதாரமா நிக்கும். மீட்டினா ரூம் பூரா வண்டு சுத்தற மாதிரி ரீங்காரம் நிறையும். கேளுங்கோ."

மீட்டினார்.

டொக்.

டீச்சர் முகம் மாறாமல் இன்னொரு தந்தியை மீட்டினார். டொக். முறுக்காணியைத் திருகி மறுபடி மீட்டினார். கொஞ்சம் உயரமான டொக்.

முதல் வரிசைச் சிறுமி கை தூக்கினாள். "ஆன்ட்டி, யே கராப் ஹை க்யா?" ரிப்பேரா என்று கேட்கிறாள்.

"இல்லம்மா, கொஞ்சம் இரு. ராஜகோபால், நீங்க ஆரம்பியுங்கோ. நான் என்னன்னு பாக்கறேன்."

ராஜகோபால் வயலினைத் தூக்கிக் காட்டினார். "இது வயலின். இதுக்கும் நாலு தந்திதான். ஆனா மீட்டறது இல்ல, வில்லால இழுக்கறது. மனுஷக் குரல் போற இடமெல்லாம் இதுவும் பின்னாலயே போகும். இப்ப பாருங்க."

வில்லை இழுத்தார். வில் கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக் கொண்டு போயிற்று. சத்தமே இல்லை. திரும்ப அழுத்தி இழுத்தார். 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு மட்டும் வந்தது.

பின்னாலிருந்து ஒரு பையன், "அங்கிள், வால்யூம் பந்த் ஹை" என்றான். வால்யூமை மூடி வைத்திருக்கிறதாம்.

சேதுவுக்குச் சிரிப்பு வந்து விட்டது. "ரெண்டு பேரும் நகருங்க. இது மிருதங்கம். வலது பக்கம் தட்டினா வெள்ளி மணி மாதிரி 'நம்'னு கேக்கும்." தட்டினார்.

தொப்.

பாடப் புத்தகத்தைத் தட்டினால் அப்படித்தான் கேட்கும்.

சேதுவின் சிரிப்பு நின்றது. பின் வரிசையில் ஒருவர் எழுந்து தன் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டார். "சலோ, சாயங்காலம் டி.வி.ல படம் இருக்கு. இப்பவே ஹோம்வொர்க் முடிங்க." இருபத்தைந்து. இன்னொரு அம்மா மூன்று பேரோடு கிளம்பினார். இருபத்திரண்டு.

கபூர் மேடம் சுந்தரம் பக்கம் சாய்ந்தார். "சுந்தரம்ஜி, யே க்யா ஹோ ரஹா ஹை?" என்ன நடக்கிறது இங்கே?

"ட்யூனிங், மேடம்" என்றார் சுந்தரம். அவர் நெற்றியில் வேர்வை.

டீச்சர் தம்புராவின் பாலத்தின் மேல் குனிந்து மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார். "ஜீவாவைக் காணோம்" என்றார். "நாலு தந்தியிலயும் அந்த ஜீவா நூலைக் காணோம்."

ராஜகோபால் வில்லை முகர்ந்தார். "எனக்கு சோப்பு வாசனை வருது."

சேது தோலில் விரலை ஓட்டினார். "என் குச்சியெல்லாம் எங்க?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் சேர்ந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் பார்த்தார்கள்.

"கோவிந்தராஜன்" என்றார் டீச்சர். "வாத்தியத்தைத் தொட்டேளா?"

"தொடல டீச்சர். துடைச்சேன்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் மரகதம், மூன்றாவது வரிசையிலிருந்து. அவளுக்கு மைக் தேவைப்படாது.

கையெழுத்துக் கேட்டால் பேனா எடுக்கிற மாதிரி, என் கை தானாகப் பைக்குள் போய் நோட்டை எடுத்து விட்டது. பட்டியலைப் படித்தேன். நூல் நாலு. பொடி ஒரு டீஸ்பூன். பிசின் ஒன்று.

"அதையுமா?" என்றார் ராஜகோபால். "அந்தப் பிசினைத் தேய்ச்சாத்தான் சார் வில்லு தந்தியப் பிடிக்கும். நீங்க தூசின்னு நெனைச்சது அந்தப் பொடிதான். அது இல்லாட்டி இது வயலின் இல்ல, முதுகு சொறியற குச்சி."

"குச்சி ஏழு" என்று தொடர்ந்தேன்.

"ஏழா? எட்டுல்ல வச்சிருந்தேன்?" என்றார் சேது.

"ஏழுதான் எடுத்தேன்."

அவர் நகத்தால் தோலின் ஓரத்தைத் தடவினார். "ஆமா, ஒண்ணு உள்ள தங்கியிருக்கு. தப்பிச்சிருச்சு."

என் கணக்குச் சரி. ஆனால் அதைச் சொல்லிக் காட்டுகிற சமயமில்லை என்று எனக்கே தோன்றியது.

"காய்ந்த ரவை" என்றேன்.

"அது சரி. அத நானே சுரண்டணும். வாசிக்கறதுக்கு முன்னால புதுசாக் கொழச்சு ஒட்டறது, அப்பதான் அந்தப் பக்கம் கனமாப் பேசும். நன்றி" என்றார் சேது. அன்று காலை எனக்குக் கிடைத்த ஒரே நன்றி.

சுந்தரம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "டீச்சர், நீங்களாவது பாடுங்க. குரலை ஒண்ணும் பண்ணலையே அவரு?"

செய்த தப்புக்கு ஈடு செய்ய இதுதான் சமயம் என்று நினைத்தேன். ஃப்ளாஸ்கை எடுத்துக் கொண்டு மேடை ஓரம் போனேன். "டீச்சர், நேத்துலேர்ந்து தொண்டை கரகரன்னு இருக்கு. இதைக் குடிச்சா சுத்தமாயிடும்."

டீச்சர் ஃப்ளாஸ்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோவிந்தராஜன், நேக்கு முப்பது வருஷமாக் குரலே இப்படித்தான். இதையும் தொடச்சு எடுத்துடலாம்னு பாக்கறேளா?"

முதலில் சிரித்தது கபூர் மேடம். ஒரு வார்த்தை புரியாமலே சிரித்தார். பிறகு சுந்தரம் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, இன்னொரு தடவை சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். கிளம்பலாமா என்று வாசல் வரை போன வேறொரு அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டு விட்டு மறுபடி உட்கார்ந்தார்.

டீச்சரும் சிரித்து விட்டார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக் கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார்.

"குழந்தைகளா, வாத்தியம் பேசறதைக் காட்டலாம்னு வந்தோம். இந்த மாமா அதோட உசிரையெல்லாம் எடுத்துட்டார். பரவாயில்ல. இனிமே அதை ஒண்ணொண்ணா நாம திருப்பி வைக்கப் போறோம். எல்லாரும் கிட்ட வாங்கோ."

இருபத்திரண்டு பேரும் மேடையில் ஏறினார்கள்.

"முதல்ல நூல் வேணும்" என்றார் டீச்சர். என் பையில் ஃபைல் கட்டுகிற நூல் எப்போதும் உண்டு. நீட்டினேன்.

"இது மாடு கட்டற கயிறு. மெத்துன்னு பஞ்சு நூல் வேணும்." அவர் கண் என் வேட்டியில் நின்றது. பொங்கலுக்கு எடுத்த வேட்டி. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கட்டியிருந்தேன். "ஓரத்துலேர்ந்து நாலு இழை உருவுங்கோ."

ஒன்பது வருஷம் கமிட்டியில் வாய் திறக்காதவன், ஒரு பிரின்சிபால் அம்மாள் முன்னிலையில் தன் வேட்டியைத் தானே நூல் நூலாக உருவிக் கொண்டு நின்றேன். இரண்டாவது இழை பாதியில் அறுந்தது. ஐந்து இழை போயிற்று.

டீச்சர் ஒரு இழையைத் தந்திக்கும் பாலத்துக்கும் நடுவில் செருகினார். தந்தியை மீட்டிக் கொண்டே நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். டொக். டொக். ட்டங். இன்னும் ஒரு துளி நகர்த்தினார்.

தந்தி கண் விழித்தது.

இப்படித்தான் எனக்குச் சொல்ல வருகிறது. அதுவரை செத்துக் கிடந்த கம்பி ஒன்று, 'ங்ங்ங்' என்று தனக்குள்ளேயே நீண்டு கொண்டு போயிற்று. பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு எல்லாரும் ஒரே குரலில், "ஃபிர் ஸே, ஆன்ட்டி, ஃபிர் ஸே." இன்னொரு தடவை வேண்டுமாம்.

மீதி மூன்று தந்திக்கும் பிள்ளைகளே நூலை நகர்த்தினார்கள். அந்த இடம் எங்கே என்று தேடுவதில் ஒரே தள்ளுமுள்ளு. கபூர் மேடம் நாற்காலியை விட்டு வந்து மண்டி போட்டு உட்கார்ந்து, தானும் ஒன்றை நகர்த்திப் பார்த்தார். "பஸ் ஏக் தாகா?" என்றார். வெறும் ஒரு நூலா.

"இப்ப எனக்கு ஒரு துடைப்பம் கொண்டாங்க" என்றார் சேது. இரண்டு பேர் ஓடிப் போய்ப் பள்ளிக்கூடத்துத் துடைப்பத்தை எடுத்து வந்தார்கள். ஈர்க்கைப் பொறுக்கி, அரிசி நீளத்துக்கு உடைத்து, ஒன்றைச் செருகித் தட்டினார். இன்னொன்றைச் செருகித் தட்டினார். ஒவ்வொரு குச்சிக்கும் 'தொப்' கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, ஏழாவது குச்சியில் 'நம்' என்றது.

"ரவை இருக்கா?" என்றார் சேது.

மரகதம் எழுந்தாள். "நேத்துதான் ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வாங்கினேன். கொண்டாரேன் தம்பி." என்னைத் தாண்டும்போது, "மத்தியானத்து உப்புமா உங்களுக்கு இல்ல" என்றாள்.

மிச்சம் வயலின். ராஜகோபால் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "சார், ரேடியோ ரிப்பேர் கடையில ஈயம் பத்த வைக்கறதுக்கு இதே பிசினைத்தான் வச்சிருப்பாங்க. மார்க்கெட்ல ஒரு கடை இருக்குல்ல?"

ஓடினேன். எண்ணிக் கொண்டேதான் ஓடினேன். இருநூறுக்கு மேல் மூச்சு வாங்கி, கணக்கு விட்டுப் போயிற்று. அந்தக் கடைக்கு எத்தனை காலடி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடை ஷட்டர் மூடியிருந்தது. மேலே மொட்டை மாடியில் கடைக்கார சர்தார்ஜி தலைக்குக் குளித்து விட்டு முடியை வெயிலில் காய வைத்துக் கொண்டிருந்தார்.

என் இந்தி அலுவலகத்துக்குப் போதும், அவசரத்துக்குப் போதாது. "சர்தார்ஜி, வயலின்" என்று கீழேயிருந்து வில் இழுத்துக் காட்டினேன்.

"ரம்ப வேலைக்குத் தச்சனைப் பார்" என்றார் அவர் இந்தியில்.

"நஹீன்ஜி. வோ பீலா பத்தர். தார் ஜோட்னே வாலா." மஞ்சள் கல், கம்பி ஒட்டுவது.

புரிந்து கொண்டு இறங்கி வந்தார். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே குனிந்து, ஒரு பெரிய பிசின் கட்டியை எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். வயலின் வில்லின் முடியைச் சோப்புப் போட்டுக் கழுவி விட்டேன், அதிலிருந்து சத்தம் வரவில்லை என்றேன்.

அவர் தன் ஈர முடியைத் தொட்டுப் பார்த்துக் கொண்டார். "நானும் இப்போதுதான் கழுவினேன். எனக்குச் சத்தம் வருகிறதே" என்றார்.

திரும்பி வரும்போது பள்ளிக்கூட கேட்டிலேயே தம்புரா கேட்டது. ராஜகோபால் பிசினை வாங்கி வில்லில் தேய்த்தார். பிள்ளைகள் எண்ணினார்கள், இந்தியில். அறுபத்திரண்டு தேய்ப்பு. வெள்ளைப் பொடி படிந்தது. வில்லை இழுத்தார். முதலில் ஒரு கிறீச். அடுத்த இழுப்பில் வயலின் பேசிற்று.

"இப்ப எல்லாம் சேர்ந்தா என்னன்னு கேளுங்கோ" என்றார் டீச்சர்.

தம்புரா அடியில் நின்றது. டீச்சர் பாடினார். அவர் விட்ட இடத்தை வயலின் எடுத்துக் கொண்டது. மிருதங்கம் இரண்டுக்கும் கூடவே நடந்தது. டீச்சரின் குரலில் அந்தக் கரகரப்பு இருந்தது. மேலே போகும்போது அது தந்தியில் செருகிய நூல் மாதிரி ஓரத்தில் அதிர்ந்தது. நான் ஃப்ளாஸ்கை நாற்காலிக்குக் கீழே தள்ளி விட்டேன்.

முடிந்ததும் பெயர் கொடுக்க வரிசை நின்றது. நான்தான் எழுதினேன். பழைய ஆறு பேர், புதிதாக எட்டுப் பேர். மற்ற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூஷன், கிரிக்கெட், பாட்டி வீடு.

பதினாலு.

இரண்டு தடவை கூட்டினேன். பதினாலுதான்.

கபூர் மேடம் நோட்டைப் பார்த்தார். நல்ல மனுஷி, அவருக்கே வருத்தமாக இருந்தது. ஆனால் கணக்கு என்றால் கணக்கு. "ஏக் கம் ஹை, டீச்சர்ஜி" என்றார். ஒன்று குறைகிறதே.

டீச்சர் தம்புராவின் உறையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். சுந்தரம் தரையைப் பார்த்தார். சேது துடைப்பத்தைக் கையில் வைத்துக் கொண்டு நின்றார்.

நான் துடைக்காமல் இருந்திருந்தால் அந்த ஐந்து பிள்ளைகள் எழுந்து போயிருக்க மாட்டார்கள். இந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

பையைத் திறந்து சங்கத்து ஃபைலை எடுத்தேன். வரிசை எண் நூற்றுப் பதினேழு. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மேடம், உங்க லெட்டர்ல பதினைந்து ஸ்டூடண்ட்ஸ்னு இருக்கு. வயசு போடலை."

"தோ?" என்றார் மேடம். அதனால் என்ன?

பென்சிலை எடுத்துப் பதினாலுக்குக் கீழே எழுதினேன். பதினைந்து. கோவிந்தராஜன். வயது ஐம்பத்தாறு. எட்டாம் வகுப்பு பாஸ்.

கபூர் மேடம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் போட்ட கையெழுத்தைப் பார்த்தார். என் வேட்டி ஓரத்தைப் பார்த்தார். "டீக் ஹை. மகர் ஹாஸ்ரி லூங்கி" என்றார். சரி, ஆனால் ஆஜர் எடுப்பேன்.

டீச்சர் உறையைத் திரும்பக் கழற்றினார். "நல்லதாப் போச்சு. இவர் வெளியில இருந்தா வாத்தியத்துக்கு ஆபத்து. உள்ளேயே உக்காரட்டும். ஆனா ஒரு நிபந்தனை. கையில துணி இருக்கப்படாது."

மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகத்தில் எங்கள் சூப்பரின்டெண்டென்ட் சக்சேனா சாப் ஒரு ஃபைலைத் தூக்கிக் காட்டினார். "கோவிந்தராஜன், என்ன ஆச்சு உனக்கு? இதில் நூல் தொங்குகிறதே."

"இருக்கட்டும் சாப்" என்றேன். "அது எதுக்கு இருக்குன்னு நமக்குத் தெரியாது."